மதர்போர்டில் வைத்த விரல்

கம்ப்யூட்டரின் ஓட்டைகளை டேப்பு போட்டு அடைக்கச் சொன்னவன் நான்தான். இங்கே முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். அன்று காலை அதைச் சொல்ல எனக்கு வெகு நேரம் பிடித்தது.

சுனாமிக்கு அடுத்த வருஷம். மரக்காணத்தில் உப்பளத்துக்குத் திரும்பும் சாலையில் ஒரு வீடியோ ஸ்டூடியோ இருந்தது. அதன் முன்பக்கத்தில் ஒரு மேசை போட்டு மைக்செட் ஆம்ப்ளிஃபையர்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத்தான் வரும். ஒரு போர்டைத் திறந்தால் மட்டும் கரண்ட் எங்கே போய் எங்கே வருகிறது என்று கண்ணுக்குத் தெரியும். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்க மாட்டேன்.

எங்கள் பக்கத்தில் எந்த மிஷின் வாங்கினாலும் முதல் வேலை, உப்புக்காற்று புகாமல் மூடுவது. டிவிக்கு உறை, டேப் ரெக்கார்டருக்குப் பிளாஸ்டிக் பை. ஸ்டூடியோவின் முதல் கம்ப்யூட்டர் ஒரே மழைக்காலத்தில் பச்சை பூத்துச் செத்துப்போனது. இரண்டாவது வந்தபோது, "பவர் சப்ளை ஃபேனை மட்டும் வுட்டுட்டு மீதி ஓட்டையெல்லாம் டேப்பு போட்டு அடைச்சிடு தம்பி" என்றேன். ஸ்டூடியோக்காரர் அடைத்தார். ஒரு வருஷம் குறையில்லாமல் ஓடியது.

அதன் பிறகு அவருக்கு வேகம் போதவில்லை. சென்னையிலிருந்து சூட்டைத் தணிக்கிற பெரிய கூலர் ஃபேன் ஒன்று வாங்கி வந்து புராசஸர் மேல் மாட்டினார். கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓடும்படி செட்டிங்கை ஏற்றினார். கல்யாணப் படத்தை டிஸ்க்குக்கு மாற்ற எட்டு மணி நேரம் ஆவது ஐந்தாகக் குறையும் என்றார்.

அப்படி மாற்றவேண்டிய முதல் படம், கோட்டக்குப்பத்து மாப்பிள்ளைக்கும் எங்கள் ஊர்ப் பெண்ணுக்கும் நடந்த நிக்காஹ். மாப்பிள்ளை வேலைக்குத் துபாய் திரும்ப அன்று சாயங்காலம் நாலு மணிக்கு ஏர்போர்ட் கார். அவர் அத்தா என்று கூப்பிடும் அப்பாவுக்கும் அதே துபாயில்தான் வேலை. லீவு கிடைக்காமல் மகன் கல்யாணத்துக்கே வரவில்லை.

நான் ஒன்பது மணிக்குக் கடைக்குப் போனபோது மாப்பிள்ளையும் அவருடைய தாய்மாமனும் உள்ளே நின்றிருந்தார்கள். காலையிலிருந்து மூன்று தடவை கம்ப்யூட்டர் தானாக அணைந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் படம் முதலிலிருந்து ஆரம்பம்.

"இன்னாபா, கல்யாணமே ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிடுச்சு, அத டப்பாவுல போட ஒரு நாளா?" என்றார் மாமன்.

"புராசஸர் நாப்பத்தெட்டு டிகிரிதான் காட்டுது பாய். குளுகுளுன்னு இருக்குது. ஏன் ஆஃப் ஆவுதுன்னே தெரியல" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"கூரியர்ல அனுப்பலாம்ல?" என்றார் மாமன்.

மாப்பிள்ளை முடியாது என்று தலையாட்டினார். "அத்தா போன்ல ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு மாமு. வரும்போது கல்யாணத்த எடுத்துட்டு வாடான்னாரு."

நான் பக்கத்துத் தகட்டைக் கழற்றிவிட்டு விரலை உள்ளே விட்டேன். ஆம்ப்ளிஃபையரில் எனக்குத் தெரிந்த ஒரே தெர்மாமீட்டர் இதுதான். சூடான பாகத்தில் விரலை வைத்து எண்ணுவேன். பத்து எண்ணும் வரை தாங்கினால் பயமில்லை. ஐந்துக்குள் எடுத்தால் கவனிக்கணும். புராசஸரின் கூலரில் விரல் பத்தைத் தாண்டியும் தாங்கியது. அதன் ஓரத்தில் வரிசையாக ஆறு கறுப்பு வில்லைகள் இருந்தன. ஒன்றில் விரல் பட்டதும் 'ஸ்' என்று உதறிவிட்டேன். ஒன்றுகூட எண்ண முடியவில்லை.

புராசஸருக்கு வேண்டிய வோல்டேஜை இறக்கிக் கொடுக்கிற வில்லைகள் அவை. வேகத்தை ஏற்றினால் அவற்றின் மேல்தான் பாரம். பழைய கூலர் மேலிருந்து கீழே ஊதும்போது அவற்றுக்கும் காற்று கிடைத்துக்கொண்டிருந்தது. புதியது பக்கவாட்டில் ஊதியது. வெளியேற வழியில்லாமல் வெந்நீர்ப் பானை மாதிரி உள்ளேயே சூடு சுற்றியது. வழியை அடைத்தது என் டேப்பு.

மாமன் ஸ்டூடியோக்காரரிடம் கத்திக்கொண்டிருந்தார். "ஒழுங்கா ஓடினத எதுக்குப்பா நோண்டுன? அவசரத்துக்குப் பொறந்தவனா நீ?" ஸ்டூடியோக்காரர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். நான் டேப்பை உரித்தபடி இருந்தேன். மூன்று ஓட்டை வரிசைகளை உரித்து முடித்தும் வாய் வரவில்லை. நாலாவதில் சொன்னேன்.

"டேப்பு நான்தாங்க போடச் சொன்னேன். தம்பி மேல மட்டும் தப்பில்ல."

மாமன் என்னை அப்போதுதான் பார்த்தார். "நீ யாருப்பா?"

"மைக்செட் ரிப்பேரு."

"சரியாப் போச்சு! மைக்செட்காரன் பேச்சக் கேட்டுக் கம்ப்யூட்டர மூடி வச்சியா?" சிரிக்கவில்லை அவர். "அப்ப நீயே தொற. நாலு மணிக்குள்ள தொற."

பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்றில் சூட்டை வாங்கி வெளியே விடுகிற அலுமினிய ஹீட் சிங்கை ரம்பத்தால் ஆறு துண்டாக அறுத்தேன். ஒவ்வொன்றும் விரல் நகத்தளவு. அடிப்பாகத்தைத் தேய்த்து, நடுவில் ஹீட் சிங்க் பேஸ்ட், இரண்டு மூலையில் பொட்டுப் பசை வைத்து, வில்லைக்கு ஒன்றாக ஒட்டினேன். துண்டு கொஞ்சம் அகலமானாலும் பக்கத்து வில்லையின் காலைத் தொடும். தொட்டால் போர்டே போய்விடும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு காகிதத்தை விட்டு இடைவெளி பார்த்தேன். பெட்டியைப் படுக்க வைத்து, டேபிள் ஃபேனை அதன் மேல் திருப்பினோம்.

மணி பத்தரை. ஸ்டூடியோக்காரர் கேட்டார், "அண்ணே, வேகத்தக் கொறச்சிடட்டுமா?"

குறைத்தால் ஆறரை மணி ஆகும். கார் போயிருக்கும். குறைக்காவிட்டால் மூன்றரை. நடுவில் அணைந்தால் ஒன்றுமே இல்லை. மூன்று பேரும் என் வாயைப் பார்த்தார்கள். எனக்கு அது பழக்கமில்லாத விஷயம்.

"இருக்கட்டும், ஓடட்டும்" என்றேன்.

பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு முறை விரலை வைத்து எண்ணினேன். பத்து. பத்து. பன்னிரண்டு மணிக்கு மேல் எட்டாகக் குறைந்து அங்கேயே நின்றது. மாப்பிள்ளை பெண் வீட்டில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். நான் பெட்டியை விட்டு நகரவில்லை.

இரண்டே முக்காலுக்குக் கரண்ட் போனது. கம்பத்துப் பீங்கானில் உப்பு படிந்து லைன் போவது எங்கள் ஊரில் வாடிக்கை. கம்ப்யூட்டர் மட்டும் இன்வெர்ட்டரில் நின்றது. டேபிள் ஃபேன் மெதுவாகச் சுற்றி ஓய்ந்தது. விரல் வைத்தேன். ஆறு. அடுத்த நிமிஷம் நாலு.

கல்யாண ஆல்பத்தின் அட்டைப்பெட்டி மூடியை எடுத்து விசிறினேன். மாப்பிள்ளை இன்னொரு மூடியை எடுத்தார்.

"வேர்வ சொட்டாம பாத்துக்குங்க தம்பி. ஒரு சொட்டு வுழுந்தாலும் போச்சு."

மாமன் தோளில் கிடந்த துண்டால் மருமகன் நெற்றியைத் துடைத்தபடியே நின்றார். "நிக்காஹ்ல கூட இவனுக்கு இப்படித் தொடைக்கலப்பா" என்றார். அப்புறம் துண்டை என் பக்கம் நீட்டி என் கழுத்தையும் துடைத்தார்.

"இன்னும் பதினாலு பர்சென்ட்டு" என்றார் ஸ்டூடியோக்காரர். எண்ணினேன். ஐந்து. கை மாற்றினோம். மாமன் விசிறியபோது நாலு. அவருக்கு மூச்சு வாங்கியது. நான் வாங்கிக்கொண்டேன். ஐந்து. இன்வெர்ட்டர் விட்டு விட்டுக் கத்த ஆரம்பித்தது. எதிரே காரின் ஹாரன் கேட்டது.

"வந்துட்டேண்ணே, டிக்கியத் தொறந்து பொட்டியெல்லாம் ஏத்துங்க" என்று மாப்பிள்ளை வெளியே பார்த்துக் கத்தினார். விசிறுவதை நிறுத்தவில்லை.

மூன்று நாற்பதுக்குப் படம் முடிந்தது. டிஸ்க்கில் எழுதப் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷமும் விரலை எடுக்காமல் கடைசித் துண்டின் மேலேயே வைத்திருந்தேன். சூடு ஏறினால் உடனே தெரியவேண்டும் என்று நினைத்தேன். எடுத்து வைத்து எண்ணுகிற பொறுமை போய்விட்டிருந்தது.

டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தார்கள். திரையில் மாப்பிள்ளை மாலையோடு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் மாமன் யாரையோ கைகாட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் இன்வெர்ட்டர் நின்று எல்லாம் இருட்டாகிவிட்டது.

"போதும், ஓடுது" என்றார் மாப்பிள்ளை. கரண்ட் இல்லாததால் டிஸ்க் கம்ப்யூட்டருக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. ஊசியால் குத்தி டிரேயை வெளியே இழுத்தோம். சட்டைக்குள் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனவர், திரும்பி வந்து என்னிடம் கை நீட்டினார். விரல் நுனி கொப்பளித்திருந்ததால் என்னால் நீட்ட முடியவில்லை. மணிக்கட்டைக் காட்டினேன். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அத்தாகிட்ட சொல்றேண்ணே" என்றார். என்ன சொல்லப்போகிறார் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.