குத்தும்போது சொல்லுங்க

நரம்பு மண்டலப் பாடத்தில் நர்ஸிங் வகுப்பிலேயே நான்தான் முதல். முதுகுத்தண்டிலிருந்து எந்த நரம்பு எங்கே போகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ராயபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரி வார்டில், உயிருள்ள மனிதர் ஒருவரின் காலருகே முதன்முறையாகக் குண்டூசியோடு நின்றபோது ஒரு நரம்பும் நினைவுக்கு வரவில்லை. படித்ததெல்லாம் எங்கே போய்த் தொலைந்ததோ.

அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். முந்தின நாள் அடுக்கு சரிந்து முதுகில் விழுந்திருந்தது. கால்கள் அசையவில்லை; முழங்காலுக்குக் கீழே மரத்துக் கிடந்தது, மேலே உணர்ச்சி இருந்தது.

"அந்த மரப்பு மேலே ஏறுதான்னு பாரு. ஏறினா உள்ளே ரத்தம் கட்டுதுன்னு அர்த்தம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். லேட்டானா கால் திரும்பாது" என்று சொல்லிவிட்டு வார்டு சிஸ்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவருக்கென்ன, சொல்வது சுலபம். ஒரு மனுஷனின் இரண்டு காலையும் என் தலையில் கட்டிவிட்டாரே என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன்.

கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். "குத்தும்போது சொல்லுங்க." தலைமாட்டில் அவர் மனைவி அவருடைய கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

பாதத்தில் குத்தினேன். "குத்துது" என்றார். கணுக்காலிலும் "குத்துது." தொடையிலும் அதே பதில். நேற்று செத்துக் கிடந்த பாதம்! சந்தோஷத்தில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. சிஸ்டரைக் கூப்பிட வாயெடுத்தவள், எதற்கும் இன்னொரு தடவை என்று ஊசியைப் பாதத்தருகே கொண்டுபோனேன். இன்னும் தொடவில்லை.

"குத்துது" என்றார்.

ஊசி அந்தரத்திலேயே நின்றது. நிமிர்ந்தபோது, அந்தம்மாவின் கட்டைவிரல் அவர் உள்ளங்கையை அழுத்திக்கொண்டிருந்தது. வந்த கோபத்தில் கத்தியேவிட்டேன். "என்னம்மா இது? கையை எடுங்க!"

"கோச்சிக்காத சிஸ்டர்" என்றார் அந்தம்மா. "காலு மரத்துப்போச்சுன்னு நீ எய்திட்டா ஆர்பர்ல இவரு பேர அட்ச்சிடுவாங்க. வேலைக்கு எட்க்கசொல்லோ கண்ணு டெஸ்டுல ஒர்த்தன் பின்னால நின்னுகினு சொல்லிக் குட்த்தான். எல்லாரும் அப்டித்தான் பாஸ் பண்ணாங்க."

அவர்களுக்கு இது பரீட்சை, நான் பெயிலாக்க வந்த அதிகாரி. விடிந்ததிலிருந்து வந்த நர்ஸுகளிடமெல்லாம் இப்படித்தான் சொல்லி அனுப்பினார்களா? கோபம் எங்கே போயிற்றோ, பயம்தான் மிஞ்சியது.

அந்தம்மா கையை எடுத்துக்கொண்டார். அவர் கணவர் கண்ணை மூடியே படுத்திருந்தார். மறுபடி பாதத்தில் குத்தினேன். பதில் இல்லை. முழங்காலிலும் இல்லை. நேற்று நன்றாக இருந்த தொடையில் குத்தினேன், மெதுவாக ஒரு முறை, அழுத்தி ஒரு முறை. தொப்புளருகேயும் குத்திவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா சிஸ்டர், சும்மா நின்னுகினு கீறே?" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "நான் ரெடி. ஆரம்பி."