சேலைத்துணி அடைத்த ஹெல்மெற்

போன கிழமை என் மகள் ரியூசனுக்குப் போகும் வழியில் சைக்கிளால் விழுந்தாள். நெற்றியில் மூன்று தையல். அன்று பின்னேரமே ஒரு ஹெல்மெற் வாங்கி வந்தேன். "ஒருத்தரும் போடுறேல்லை அம்மா, என்னைப் பாத்துச் சிரிப்பினம்" என்று அதை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதட்ட வாயெடுத்தேன், முடியவில்லை. பத்து வயதில் நானும் இதையேதான் சொன்னேன்.

அப்போது நாங்கள் முரசுமோட்டையில் இருந்தோம். யுத்த காலம். பெற்றோல் கிடையாது, ஊரே சைக்கிளில்தான் ஓடியது. சுற்றிவர எத்தனையோ பேர் குண்டுக்கும் ஷெல்லுக்கும் போய்க்கொண்டிருக்க, என் அப்பா நெல்மூட்டையோடு சைக்கிள் சறுக்கி, ஒரு கல்லில் தலை அடிபட்டு இறந்தார். செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எப்படி நடந்தது என்று கேட்டார்கள். பதிலைக் கேட்டபிறகு, "சைக்கிளாலை விழுந்தோ?" என்று திருப்பிக் கேட்டார்கள்.

நான் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அம்மா மாமாவிடம் போய் அவருடைய ஹெல்மெற்றை வாங்கி வந்தார். மாமாவின் மோட்டார் சைக்கிள் மாட்டுக்கொட்டிலில் சும்மா நின்றது. ஹெல்மெற்றுக்குள் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. அம்மா அதைக் கழுவிக் காயவைத்தார். என் தலைக்கு அது பெரிது, கண்ணை மறைத்தது. பழைய சேலையைக் கிழித்து, இரண்டு காதுப் பக்கமும் இறுக்கி அடைத்தார்.

கழுத்து நோகும். வியர்வை கண்ணுக்குள் இறங்கும். உள்ளே காற்று ஓயாமல் இரையும். இதெல்லாவற்றையும் விட, கூட வந்த பிள்ளைகளின் வாய்.

"எடியே, பொம்மர் வந்து குண்டு போட்டாலும் இவளுக்கு மண்டை தப்பும்" என்றாள் ஒருத்தி.

"மிச்சத்தை ஆர் பொறுக்கிறது?" என்றாள் மற்றவள்.

கொஞ்ச நாளில் அவர்கள் ஒன்றாக முன்னுக்குப் போனார்கள், நான் பின்னால் தனியே. அவர்கள் சிரிப்பது தெரியும். எதற்கென்று கேட்காது.

ஒருநாள் காலை, வளைவில் திரும்பியபோது வீதியில் ஒருவரும் இல்லை. சைக்கிள்கள் மட்டும் விழுந்து கிடந்தன. ஒன்றின் சில்லு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. என்னைப் பேய்க்காட்டத்தான் ஒளித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். வீதியோரத்து இரணைமடு வாய்க்காலுக்குள்ளிருந்து ஒரு கை ஆடியது. அதையும் பார்க்காதது போலத் தலையை நேரே வைத்துக்கொண்டு, அழுகையை அடக்கியபடி மிதித்தேன். அந்த நீள வீதியில் நான் மட்டும்தான்.

யாரோ ஒருவர் பாய்ந்து வந்து என்னைச் சைக்கிளோடு தள்ளி விழுத்தினார். மதகின் விளிம்பில் தலை மோதியது. என்னை வாய்க்கால் சேற்றுக்குள் இழுத்து அமுக்கிக்கொண்டு ஹெல்மெற்றைக் கழற்றினார். அப்போதுதான் கேட்டது. எங்களுக்கு மேலே பொம்மர் விமானம் இரைந்தபடி சுற்றிக்கொண்டிருந்தது.

"காது கேக்காதோ பிள்ளை உனக்கு?"

பொம்மர் தெற்குப் பக்கம் போனது. தூரத்தில் எங்கோ குண்டு விழுந்து, சேறு நெஞ்சுக்குக் கீழே அதிர்ந்தது.

அவரே என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார். "மதகிலை அடிச்ச அடிக்கு, இது இல்லாட்டி மண்டை பிளந்திருக்கும் தங்கச்சி" என்று அம்மாவிடம் சொன்னார். ஹெல்மெற்றை நீட்டியபடி, "ஆனால் இதாலைதான் பிள்ளைக்கு ஒண்டும் கேக்கேல்லை" என்றும் சொன்னார்.

அம்மா ஹெல்மெற்றை வாங்கி அதிலிருந்த வெடிப்பைத் தடவிப் பார்த்தார். பிறகு உள்ளே இருந்த சேலைத்துணியைத் தடவிப் பார்த்தார்.

அடுத்த நாள் என்னை வெறுந்தலையோடு போகச் சொன்னார். எனக்கு வந்த சந்தோசம்! பிள்ளைகள் எனக்காக வீட்டு வாசல் படலையடியில் காத்து நின்றார்கள். "எங்கையடி உன்ரை சட்டி?" என்று ஒருத்தி கேட்க, நானும் சேர்ந்து சிரித்தேன். தலைமயிருக்குள் காற்றுப் பட்டது.

வளைவில் திரும்பிப் பார்த்தேன். அம்மா இன்னும் படலையைப் பிடித்தபடி நின்றார். ஒருக்கால் வீதியைப் பார்த்தார், ஒருக்கால் வானத்தைப் பார்த்தார். எதைத் தேடுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கையைக் காட்டிவிட்டு, மற்றவர்களைப் பிடிக்க வேகமாக மிதித்தேன்.