கூட்டை மேலிருந்து பார்த்த சேவுகன் மாமா

எங்கள் ஊரில் தீபாவளிக்கு வெடி கிடையாது. கல்யாண ஊர்வலம் கண்மாய்க்கரைக்கு வந்ததும் மேளக்காரர்கள் குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சும்மா நடப்பார்கள். கண்மாய்க்குள் இருக்கிற கருவேல மரங்களில் வருடா வருடம் வந்து கூடு கட்டும் நாரைகளுக்காக இந்தக் கட்டுப்பாடு. யார் போட்டது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். இதை ஒரு நாள்கூடத் தவறாமல் காப்பாற்றியவர் என் தாய்மாமா சேவுகன். அந்த நாரைகளைக் கலைத்ததும் அவர்தான்.

மாமாவுக்குப் புதுவயலில் ஒரு ரைஸ் மில்லில் எடை மேடையில் வேலை. லாரி ஏறும், எடை விழும், சீட்டைக் கிழித்துக் கொடுப்பார், லாரி இறங்கும். பத்தொன்பது வருடமாக இதேதான். புருவம் வரைக்கும் தவிட்டுத் தூசி. மிசின் சத்தத்திலேயே இருந்து காதும் கொஞ்சம் மந்தம். வீட்டில் டிவி வைத்தால் தெருவுக்கே செய்தி கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆள் வேறு. காரைக்குடியில் ஒரு ஸ்டுடியோக்காரர் கழித்துப்போட்ட கேமராவை வாங்கி வைத்திருந்தார். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அய்யனார் கோயில் மண்குதிரை, செம்பாறை வெட்டிய பள்ளம், பொட்டலில் மேயும் மயில் என்று சுற்றுவார். ஒரு மீன்கொத்திக்காக நாலு மணி நேரம் முள்ளுக்குள் உட்கார்ந்திருக்கிறார். செந்தாமரை அத்தைக்கு அதில் தீராத கோபம். “கட்டிக்கிட்டு பதினாலு வருசமாச்சு. ஆதார் கார்டுல இருக்கதத் தவிர எனக்கு ஒரு படம் கிடையாது” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லும்.

ரெண்டு வருடத்துக்கு முன்னால் பழைய டிரோன் ஒன்றும் வந்து சேர்ந்தது. மேலிருந்து பார்த்தால் ஒரு தெருவில் வாசலும் மறு தெருவில் கொல்லையுமாக நீண்டு கிடக்கும் செட்டியார் வீடுகள் வரிசையாக அடுக்கிய பெட்டிகள் மாதிரி இருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் சதுரமாக வெளிச்சம். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு மாமாவைப் பேச வைத்தார்கள். பறவைகளைப் பற்றி எவர் விசாரித்து வந்தாலும் ஊர்க்காரர்கள் அவர் வீட்டைத்தான் கையைக் காட்டினார்கள். எனக்கும் பெருமைதான். அதைக் காட்டிக்கொள்ளாமல், டிரோனில் பேய் பதிவாகியிருக்கிறது என்று டீக்கடையில் நான் ஒரு புரளியைக் கிளப்பிவிட்டேன். ஒரு வாரம் ஓடியது.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னைக் கண்மாய்க்குக் கூப்பிட்டார். கரையிலிருந்து பார்த்தால் கூட்டின் அடிப்பக்கம் மட்டும்தான் தெரியும். “பொறந்ததுலருந்து பாக்குறேன். குஞ்சு குஞ்சா இருக்கையில ஒரு தடவகூடப் பாத்ததில்ல சித்ரா” என்றார். நாற்பத்திரண்டு வயது ஆள் அதைச் சொன்ன விதத்தில் எனக்குக் கேலி செய்ய வாய் வரவில்லை.

மடைக்கு முந்தியே பைக்கை நிறுத்தித் தள்ளிக்கொண்டு வந்தார். செருப்பைக் கழற்றச் சொன்னார். நான் இருமியதற்கு முறைத்தார். என் போனை வாங்கி அவரே அணைத்தார். இவ்வளவும் செய்துவிட்டு டிரோனை எடுத்து மேலே விட்டார்.

மாமா, சத்தம் போடுதே என்றேன். வண்டு சத்தம்தானே என்றார். அந்தக் காதுக்கு அது வண்டுதான்.

முதலில் உயரத்தில் வைத்திருந்தார். பறவைகள் தலையைத் தூக்கிப் பார்த்தன, பறக்கவில்லை. கொஞ்சம் இறக்கினார். பிறகு இன்னும் கொஞ்சம். ரிமோட்டின் திரையில் கூடு தெரிந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் பஞ்சு உருண்டை மாதிரி நாலு குஞ்சுகள். நாலும் மேலே பார்த்து வாயைத் திறந்தன. மாமா சத்தமில்லாமல் சிரித்தார், தோள் குலுங்கியது.

“ஆத்தாதான் வந்துருச்சுன்னு வாயத் தொறக்குதுக பாரு.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் கிழக்குப் பக்க மரங்கள் மொத்தமும் எழுந்துவிட்டன. நாலைந்து இல்லை, அத்தனையும். இறக்கைச் சத்தம் முகத்தில் காற்றாக வந்து அடித்தது. மாமா பதறி டிரோனை மேலே தூக்கி, பின்னால் இழுத்து, கரையில் இறக்கினார். பறவைகள் வட்டமடித்தன, உட்காரவில்லை. தண்ணீருக்குள் ஓடினார். இடுப்பளவு போனதும் மேற்குப் பக்கத்து மரங்களும் கலைய ஆரம்பித்தன. அப்படியே நின்று, வந்த தடத்திலேயே பின்னுக்கு நடந்து திரும்பினார்.

வெயில் ஏறியது. காக்கைகள் வந்தன. விரட்டப் போனால் மீதியும் கலையும். போகாவிட்டால் காக்கை தின்னும். ரெண்டு பேரும் கரையில் நின்றுகொண்டே இருந்தோம். தண்ணீரில் எதுவோ விழும் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் அவரைப் பார்ப்பேன். அவருக்கு அது கேட்கவில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

மூன்று நாளில் ஊருக்குத் தெரிந்துபோனது. கிழக்கு மரங்கள் காலி. யாரோ வெடி போட்டிருக்கிறார்கள் என்று பேச்சு. டீக்கடை முத்துக்கண்ணன், ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைக் கண்மாய்ப் பக்கம் பார்த்ததாகச் சொன்னார். போன வருடம் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் நின்று காகிதப் பையை ஊதி உடைத்து, ஊர்ப் பஞ்சாயத்து பேசும் அம்பலகாரர் அழகுசுந்தரத்தின் வேட்டியில் டீயைக் கொட்ட வைத்தவள் நான். அதற்கு மேல் சாட்சி எதற்கு? வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டம், என் அம்மா வந்து ஊர் முன்னால் விழுந்து கும்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளை செய்த தப்புக்குப் பெற்றவள் விழுவதுதான் எங்கள் ஊர் வழக்கம்.

மாமாவிடம் போய், வாயைத் திறக்காதீர்கள் என்று சொன்னேன். “எனக்குப் பேரு ஏற்கெனவே நாறிப்போச்சு மாமா. இன்னொண்ணு சேந்தா யாருக்குத் தெரியப்போகுது. நீங்க பேசாம மில்லுக்குப் போங்க.” அவர் பைக் சாவியை எடுத்தார். அன்றைக்கு மில்லுக்கும் போனார். ஒத்துக்கொண்டார் என்றே நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்து நின்றது. அப்போது மாமா தவிட்டுத் தூசியோடு வந்தார். கையில் லேப்டாப்.

“அக்கா, நீ அங்குட்டு உக்காரு” என்றார். பிறகு அம்பலகாரரைப் பார்த்து, “அந்தப் பிள்ள இல்லண்ணே. நாந்தேன்” என்றார்.

வீடியோவைப் போட்டார். எல்லாரும் நெருங்கி வந்து எட்டிப் பார்த்தார்கள். நாரைகள் எழும்பிப் பரவும் இடம் வந்ததும் யாரோ, நம்ம கண்மாயா இது என்றார்கள். அம்பலகாரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தன் வீட்டு மாடி எங்கே என்று தேடினார். முத்துக்கண்ணன், “அண்ணே, எனக்கு அனுப்பிவிடுங்க, ஸ்டேட்டஸ் வைக்கணும்” என்றார்.

ஊரே சேர்ந்து காறித் துப்பும் என்று நினைத்து வந்தவர் மாமா. அவர் முகத்தை அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை.

“இன்னும் முடியல, பாருங்க” என்றார். கடைசி அரை நிமிடம் ஓடியது. பெரிய பறவை ஒன்றுகூட இல்லை. கூடு கூடாகக் குஞ்சுகள் டிரோனைப் பார்த்து வாயைத் திறந்தபடியே சிறுத்துக்கொண்டு போயின. திரை கறுத்தது.

“இதுக்கப்புறம் காக்கா வந்துச்சு. அத நான் எடுக்கல.”

அப்போதுதான் பேச்சு நின்றது. அம்பலகாரர் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். “நீ வெடி போடலயேப்பா. கட்டுப்பாடு வெடிக்குத்தேன்” என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். எல்லாருக்கும் வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. மாமா நின்று பார்த்தார். யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை என்று தெரிந்ததும் அக்காவுக்குப் பதிலாக அவரே தரையில் விழுந்தார். அம்பலகாரர் காலை விலக்கிக்கொண்டார். எந்திரிக்கச் சொல்ல எவருக்கும் தோன்றவில்லை. அம்மாதான் தோளைப் பிடித்துத் தூக்கியது.

யாரோ திரையைப் போனில் படம் பிடித்திருக்கிறார்கள். ரெண்டே நாளில் அது எங்கெங்கோ போய், அமராவதிபுதூரிலிருந்து ஒரு பையன் போன் பண்ணி, நாங்களும் டிரோன் வைத்திருக்கிறோம், இடம் எங்குட்டு இருக்கு என்று கேட்டான். கண்மாய் வற்றிப்போச்சு என்றார் மாமா.

அடுத்த ஞாயிறு நான் கரைக்குப் போனபோது அவர் ரொம்பத் தள்ளி, வரப்பில் உட்கார்ந்திருந்தார். கண் கூசுகிறது, கிழக்கு மரத்தில் எத்தனை கூட்டில் பறவை திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது என்று எண்ணிச் சொல் என்று கேமராவை நீட்டினார். முன்பு நூறுக்கு மேல் இருந்த இடம். எண்ணினேன். திரும்ப எண்ணினேன், எண்ணிக்கை கூடவில்லை.

“நாப்பத்திரெண்டு” என்றேன்.

கேமராவை வாங்கி மூடியைப் போட்டார். நான் வருவதற்கு முந்தியே அவர் எண்ணிவிட்டாராம்.

“பத்தொம்போது” என்றார். கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, “ஒங்கம்மாட்ட நாப்பத்திரெண்டுன்னே சொல்லு” என்றார்.