தனியாகச் செய்வாளா?

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷமாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். பேனாவை எடுப்பேன். வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்வதா என்று மூடி வைத்துவிடுவேன். நான் எட்டாவது வரைதான் படித்தவன். மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிறவன். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அங்காளம்மனைக் கும்பிட்டுவிட்டுத் தொடங்குகிறேன்.

எங்களுக்கு ஒரே பெண். பிறந்தபோதே அழ நேரமாயிற்று. பேச்சும் நடையும் மெதுவாகத்தான் வந்தன. புத்தி வயசுக்குத் தக்கபடி வளரவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வலிப்பும் உண்டு. சின்ன வயசிலேயே ஊனம் இத்தனை சதவீதம் என்று சர்டிபிகேட் கொடுத்தார்கள். அதை வைத்து மாதாமாதம் அரசாங்க உதவித்தொகை வரும். மழைக்காலத்தில் அளத்தில் தண்ணீர் நின்றுவிடும், வேலை கிடையாது. அந்த மாதங்களில் எங்கள் அடுப்பு எரிவதும் அவளுக்கு மாத்திரை வாங்குவதும் அந்தத் தொகையில்தான். ஆனால் சர்டிபிகேட்டில் ‘தற்காலிகம்’ என்று ஒரு சீல் இருந்தது. பிள்ளை வளர வளர மாறலாம், அதனால் சில வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடி சோதிப்போம் என்றார்கள்.

முதல் தடவை என் மனைவி அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தாலே தெரிந்தது. அடுத்த சோதனைக்கு அவள் பாவாடை சட்டை போட்டு, தலையில் பூ வைத்து, தானே நடந்து வந்தாள். சோதனை செய்கிற மேடம் மரக்கட்டைகளைக் கொடுத்துப் பலகையில் பொருத்தச் சொன்னார். பிறகு என்னிடம் கேட்டார்.

“சாப்பாடு சாப்பிட்டுக்குவாங்களா?”

“சாப்புட்டுக்கும் மேடம்.”

“குளிக்கிறது, துணி மாத்துறது?”

“அம்மன் புண்ணியத்துல எல்லாம் செய்யுது மேடம். ஒரு குறையும் இல்ல. சாயங்காலம் வீட்ல விளக்கேத்துறதே இதுதான்.”

என் பெண் மேஜையைத் தட்டிச் சிரித்தாள்.

நான் பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டுப் பேச்சே அப்படி. உப்பளத்துக்காரன் வீட்டிலும் உப்புப் பானை காலியாகும். என் மனைவி “உப்பு இல்லை” என்று சொல்லமாட்டாள். “உப்பு நிறைஞ்சிருக்குது, எடுத்துட்டு வாங்க” என்பாள். விளக்கை அணை என்று சொல்லமாட்டாள், குளிர வை என்பாள். அந்த வீட்டில் இருந்துகொண்டு, பெற்ற பெண்ணை அவள் எதிரிலேயே இது வராது, அது முடியாது என்று சொல்ல எனக்கு எப்படி வாய் வரும்?

சதவீதம் குறைந்துவிட்டது. உதவித்தொகைக்கு வேண்டிய அளவுக்குக் கீழே போய்விட்டது. பணம் நின்றது. டீக்கடையில் என்னோடு உப்பு வாருகிற கூட்டாளி கேட்டான்.

“ஏம்பா, உன் பொண்ணு பாஸாயிட்டுதாமே?”

“எதுல?”

“அதான், அந்தப் பரீட்சையில. யோவ், அதுல ஃபெயிலானாத்தான்யா காசு. நீ ஏன்யா பக்கத்துல குந்திக்கினு பிட்டு குடுத்த?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

மறுபடியும் பார்க்கச் சொல்லி மனு கொடுத்தோம். கூப்பிடுவதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால் என்ன வேண்டுவது என்றே தெரியவில்லை. அவள் பிறந்ததிலிருந்து எனக்கு ஒரே வேண்டுதல்தான். தாயே, என் பிள்ளைக்குப் புத்தியைக் கொடு. இப்போது கேட்டு, அம்மன் கொடுத்துவிட்டால்? கேட்காமல் வந்தால் நான் என்ன தகப்பன்? பூசாரியிடமே சொன்னேன்.

“என்னா வேண்டிக்கிறதுன்னே தெர்லீங்க.”

“அவளுக்குத் தெரியாததா? சும்மா நின்னுட்டு வா.”

சும்மாதான் நின்றேன். கற்பூரத் தட்டு வரும், போகும். வாயைத் திறக்காமல் குங்குமம் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். அதையும் அம்மன் ஒரு வேண்டுதலாக எடுத்துக்கொண்டாளோ என்னவோ.

மறு சோதனை முகாமுக்குக் கூப்பிட்ட அன்று என் மனைவி வரமாட்டேன் என்றாள். “அங்க வந்து தெரியாது தெரியாதுன்னு என்னால சொல்ல முடியாது. பெத்த வாயி. நீங்களே சொல்லிக்கோங்க.”

அதே மேடம்தான் இருந்தார். நல்ல மனுஷி. என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“போன தடவை எல்லாம் செய்வாங்கன்னு சொன்னீங்களே?”

“பக்கத்துல ஆள் இருந்தா செய்யும் மேடம்.”

“அத ஏங்க அன்னிக்கே சொல்லல? நான் கேக்கிறது தனியா செய்வாங்களான்னுதான்.”

தனியாகவா? அப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. அவள் குளித்தால் என் மனைவி தண்ணீர் மொண்டு ஊற்றுவாள். மீன் சாப்பிட்டால் எதிரில் உட்கார்ந்து நான் முள் எடுத்துக் கொடுப்பேன். அதை நாங்கள் உதவி என்று நினைத்ததில்லை. சேர்ந்து இருப்பது என்றுதான் நினைத்திருந்தோம்.

“தனியா குளிப்பாங்களா?”

“தெரியாது மேடம்.”

“கடைக்குப் போய் மிச்சக் காசு பாத்து வாங்கிட்டு வருவாங்களா?”

“தெரியாது.”

“தெரியும்பா” என்று என் பெண் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“சும்மா இரும்மா.”

“விளக்கேத்துவாங்கன்னு சொன்னீங்க. வீட்ல யாரும் இல்லாம ஏத்துவாங்களா?”

அதை நாங்கள் விட்டுப் பார்த்ததே இல்லை. அவள் ஏற்றும்போது என் மனைவி எப்போதும் வாசற்படியில் நிற்பாள். “தெரியாது மேடம்” என்றேன். எனக்குத் தெரியாது என்று சொன்னேனா, அவளுக்குத் தெரியாது என்று சொன்னேனா? இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. மேடம் எழுதிக்கொண்டார். என் பெண் சட்டையை விட்டுவிட்டாள்.

சதவீதம் ஏறியது. பணம் மறுபடி வந்தது. அதே தற்காலிக சீலும் வந்தது.

முகாமுக்குப் போய் வந்த அன்று சாயங்காலம் என் மனைவி தீப்பெட்டியைப் பெண்ணிடம் நீட்டினாள். அவள் வாங்கவில்லை.

“எனக்குத் தெரியாது.”

“ஏண்டி, தெனமும் நீதானே ஏத்துவ?”

“தெரியாதும்மா. அப்பா சொல்லுச்சி.”

என் மனைவி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தானே ஏற்றினாள். மறுநாளும் அப்படித்தான். அதற்கப்புறம் அப்படியே ஆகிவிட்டது. “அது ஆபீசுக்காகச் சொன்னதும்மா” என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். எனக்கே சரியாகப் புரியாததை அவளுக்கு நான் எப்படிப் புரிய வைப்பது?

போன கோடையில் ஒரு நாள் மத்தியானத்துக்கு மேல் திடீரென்று வானம் கறுத்தது. வாரிக் குவித்த உப்பு அளத்தில் கிடந்தது. மழை பட்டால் கரைந்துவிடும். பெண்ணைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நானும் மனைவியும் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மூடி முடித்து நனைந்துகொண்டு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. தெருவில் கரண்ட் இல்லை. எங்கள் வீட்டில் மட்டும் வெளிச்சம் தெரிந்தது.

அம்மன் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா மழைக்குப் பயந்து அந்தப் பக்கம் வரவே இல்லை என்று பிறகு தெரிந்தது. என் பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் பாயின் ஓரம் உள்ளங்கை அகலத்துக்குக் கருகிப்போயிருந்தது. குச்சியைக் கீழே போட்டிருக்கிறாள். சொம்புத் தண்ணீர் தரையெல்லாம் ஓடியிருந்தது.

என் மனைவி முதலில் அவள் கையைப் பார்த்தாள், பாவாடை ஓரத்தைப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை.

“யாரும்மா வெளக்கு ஏத்துனது?” என்று கேட்டேன்.

“தெரியாது” என்றாள். வாய் மட்டும் சிரிப்பை அடக்கப் பார்த்தது.

அவளைக் கட்டிக்கொள்வதா, திட்டுவதா? ஒன்றும் செய்யாமல் ஈரத் துணியோடு விளக்கு முன்னால் நின்றேன். என் மனைவி பாயைச் சுருட்டிக் கொல்லைப் பக்கம் கொண்டுபோய் வைத்தாள். மறுநாள் தீப்பெட்டியைக் கொடுத்தபோது அவள் வாங்கிக்கொண்டாள்.

அடுத்த சோதனை பொங்கல் கழித்து வருகிறது. தனியாக விளக்கேற்றுவாளா என்று கேட்பார்கள். ஏற்றினாள், ஏற்றினதில் பாயும் எரிந்தது. இதில் எது பதில்? மனைவியிடம் கேட்டேன்.

“ரெண்டையும் சொல்லுங்க” என்றாள். “இந்தத் தடவை நானும் வர்றேன். நீங்க உள்ள சொல்லிக்கினு இருங்க, நான் அவள வெளிய வச்சிக்கினு குந்தியிருக்கிறேன். அவ காதுல விழ வேணாம்.”

மேடம் அதற்கு ஒத்துக்கொள்வாரா, சதவீதம் என்ன ஆகும், தெரியவில்லை. அம்மன் முன்னால் இன்னும் சும்மாதான் நிற்கிறேன்.

இப்படிப் பிள்ளையை வைத்துக்கொண்டு முகாமுக்குப் போகிறவர்கள் உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதைச் சொல்லுங்கள். எழுதியிருப்பது போலவே சொல்லுங்கள். விளக்கு எரிந்ததோடு நிறுத்தினால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். பாயையும் சேர்த்துச் சொல்லுங்கள்.