அந்த மாதம் போட்ட மருந்து

என் பெண்டாட்டிக்கு வேலையே ஊரார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளை எட்டிப் பார்ப்பதுதான். கொசு ஒழிப்புப் பணியாளர். தோளில் ஒரு பை, கையில் டார்ச், பைக்குள் மணல் மாதிரி ஒரு மருந்து. மாதம் ஒருமுறை தெருத் தெருவாகப் போய், தொட்டி, டிரம், பூந்தொட்டித் தட்டு என்று ஒன்று விடாமல் பார்த்து மருந்து போடுவாள். கறார் என்றால் அப்படி ஒரு கறார். "மேல எதுக்கும்மா ஏறுறீங்க, போட்டதா எழுதிக்கங்க" என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு. "எழுதுறதுக்கு நான் எதுக்குங்க, பேனா போதுமே" என்று வாசலிலேயே கேட்டுவிடுவாள். இந்த வாயால் தெருவில் அவளுக்கு நல்ல பெயர் கிடையாது.

மருந்தாலும் கிடையாது. அதைப் போட்டால் கொசுப்புழு உடனே சாகாது. அது பாட்டுக்கு நெளிந்துகொண்டிருக்கும். கூட்டுப்புழு வரைக்கும் போகும். அதற்கு மேல் இறக்கை முளைத்து வெளியே வர முடியாமல் தண்ணீரிலேயே முடிந்துவிடும். நான் மேஸ்திரியாக இருக்கும் தானியக் கிடங்கில் வண்டுக்கு அடிப்பதும் இந்த வகை மருந்துதான். இருக்கிற வண்டு மூட்டை மேல் சாவகாசமாக நடந்து போகும். அதன் வாரிசு தலையெடுக்காது. இதை எங்கள் முதலாளிக்குப் புரியவைப்பதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது. செத்த வண்டைக் கூட்டி அள்ளிக் காட்டினால்தான் அவர் நம்புவார். ஜனங்களும் அப்படித்தான். "உங்க வீட்டம்மா புழுவுக்குத் தீனி போட்டுட்டுப் போறாங்களாமே?" என்று டீக்கடையில் என்னைக் கேட்காத ஆள் இல்லை.

எங்கள் வீட்டு மாடியில் என் தங்கச்சியும் அவள் புருஷனும் குடியிருந்தார்கள். மாப்பிள்ளை தையல்காரர், வாய் அதிராத மனுஷன். கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்துத் தங்கச்சிக்கு வயிற்றில் தங்கியிருந்தது. அதிலிருந்து அவர் பண்ணிய அலம்பல் கொஞ்சநஞ்சமில்லை. "தாங்கல அண்ணி, நான் தும்மினாக்கூட டாக்டர்கிட்ட போலாங்கிறாரு" என்று தங்கச்சி படியிறங்கி வந்து என் பெண்டாட்டியிடம் முறையிடுவாள். முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும்.

தங்கச்சிக்கு ஏழாம் மாதம். அந்த மாதமும் மாடித் தொட்டிக்கு என் பெண்டாட்டி மருந்து போட்டாள். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். இறங்கி வந்து, "தம்பி, புழு நெளியத்தான் செய்யும், பதறாதீங்க. தண்ணிய மட்டும் மாத்திடாதீங்க" என்றாள். மாப்பிள்ளை, "சரிக்கா" என்றார்.

எட்டாம் மாதத்தில் தங்கச்சிக்குக் காய்ச்சல் கண்டது. கொசுக் காய்ச்சல்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை, பிழைத்துக்கொண்டது. என் தங்கச்சி பிழைக்கவில்லை. இதற்கு மேல் அதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

குழந்தை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. நர்ஸ் தினமும், "அப்பா எங்க? வந்து பாக்கக்கூட இல்ல?" என்று கேட்பார். மாப்பிள்ளை சாப்பாட்டைத் தொடுவதில்லை, தையல் மெஷினைத் திறப்பதில்லை. ஒருநாள் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் காலை வெளியே தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். பின்னாலேயே போய் இடுப்பைக் கட்டி இழுத்துப் போட்டேன். இவரும் போய்விட்டால் அந்தப் பச்சை மண்ணுக்கு யார் இருக்கிறார்கள்?

மறுநாள் என் பெண்டாட்டி அடுப்படியில் இருந்தபோது மாப்பிள்ளை வந்து தரையில் உட்கார்ந்தார்.

"அக்கா, நான் தண்ணிய மாத்திட்டேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க சொல்லிட்டுப் போய் ரெண்டு மூணு நாள் பொறுத்துப் பாத்தேன். புழு நெளிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. வாயும் வயிறுமா இருக்கிறவ இதையா குடிக்கணும்னு மனசு கேக்கல. வாளி வாளியா மோந்து கொட்டிட்டுப் புதுத் தண்ணி விட்டேன். இப்ப யோசிக்கிறேன்... நானே அவளக் கொன்னுட்டேனாக்கா?"

தண்ணீரைக் கொட்டினால் புழு போகும். தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும் முட்டை போகாது; புதுத் தண்ணீர் ஏறியதும் பொரிந்துவிடும். அந்தப் புதுத் தண்ணீரில் மருந்தும் இல்லை. தங்கச்சியைக் கடித்தது எந்தத் தொட்டிக் கொசு என்று யாரால் சொல்ல முடியும்? ஆனாலும் அந்தத் தொட்டிக் கொசு இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

என் பெண்டாட்டி அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"நீங்க கொட்டினது வெறும் தண்ணி தம்பி. அந்த மாசம் உங்க தொட்டிக்கு நான் மருந்தே போடல. பை காலியாயிருந்துச்சு. நம்ம வீடுதானே, அப்புறம் போட்டுக்கலாம்னு சும்மா ஏறி இறங்கிட்டேன். மறந்தே போச்சு. நீங்க தண்ணிய மாத்தியிருந்தாலும் மாத்தாட்டியும் கொசு வந்திருக்கும்."

நான் வாயைத் திறந்தேன். அவள் பார்வையாலேயே என்னை அடக்கினாள்.

மாப்பிள்ளை எழுந்தார். "ஊரு பூரா ஏறி ஏறிப் போட்டீங்க, அவ தொட்டிக்குப் போட உங்களுக்குக் கை வரலையா?" என்று கத்தினார். அந்த மனுஷனுக்கு அவ்வளவு குரல் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கொலைகாரி என்றார், இன்னும் என்னென்னவோ சொன்னார். அவள் தலைகுனிந்தபடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். கத்தி முடித்துவிட்டு மூச்சு வாங்க நின்றவர், சட்டையை மாட்டிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். அன்றைக்குத்தான் முதல்முறையாகக் குழந்தையைப் பார்த்தார்.

"அறிவிருக்காடி உனக்கு? ஏணியப் பிடிச்சுக்கிட்டு நான் நின்னேனே, குருடனா நான்?" என்று அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னைத் திட்டிக்கிட்டு அவரு உயிரோட இருந்துருவாரு. தன்னையே திட்டிக்கிட்டு இருக்க முடியாதுங்க. நீங்க எங்கயும் மூச்சு விடக் கூடாது" என்றாள்.

மாப்பிள்ளை அவள் அலுவலகத்தில் புகார் கொடுத்தார். விசாரணையில் கேட்டதற்கு, ஆமாம் போடவில்லை என்று இவள் ஒப்புக்கொண்டாள். வீட்டுத் தொட்டி வேலையைப் பிடுங்கிக்கொண்டு சாக்கடை வேலைக்கு மாற்றினார்கள். இத்தனை வருஷம் கழித்தும் அந்த நாற்றத்தில்தான் நிற்கிறாள். தெருவில் புழுவுக்குத் தீனி என்று கேலி செய்தவர்கள் இப்போது அதுவும் பேசாமல் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டைக் காலி செய்துகொண்டு போய்க் கடைத்தெருவில் தையல் கடை வைத்தார். எங்கள் வாசல் மிதிப்பதில்லை.

போன வாரம் அவர் கடைக்கு எதிர்ச் சாக்கடையில் இவளுக்கு வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்த என் தங்கச்சி மகள், அப்பா பின்னால் ஒளிந்துகொண்டு, "இவங்கதானேப்பா அம்மாவுக்கு மருந்து போடாதவங்க?" என்று கேட்டிருக்கிறாள். அவர் குழந்தையை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து என்னிடம் இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை.

"முன்பல் ரெண்டும் விழுந்திருக்குங்க. அப்படியே உங்க தங்கச்சி ஜாடை. சடைய அவங்கப்பாவே பின்னி விடுறாரு போல, வகிடு ஒரே கோணல்" என்று சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.