அத்தான் திருத்திய நிலவு

இன்று பின்னேரம் லிங்கநகரில், எங்கள் முற்றத்தில், விஞ்ஞானம் நடந்தது.

அக்காவைக் கட்டிய அத்தான், ஒரு கப்பல்காரரிடம் வாங்கிய தொலைநோக்கியைப் பகுதி பகுதியாகப் பொருத்திப் பூட்டினார். "ஒருத்தரும் தொடப்படாது" என்றார். ஒருத்தர் என்றால் நான்தான்.

முதலில் குழாயின் அடியில் கண்ணை வைத்துப் பார்த்தார். அங்கே இருப்பது கண்ணாடியின் முதுகு. பார்க்கும் துளை மேலே, பக்கவாட்டில் என்று அக்காவின் காதில் சொன்னேன். அக்கா சொன்னதும் அத்தானுக்கு விளங்கியது.

பிறகு துறைமுகத்தில் நின்ற கப்பலைப் பார்த்தார். அது தலைகீழாகத் தெரிந்தது.

"இவள் தொட்டுப் பழுதாக்கிப்போட்டாள். பெட்டியில வைக்கப்போறன்."

நான் இன்னும் தொடவேயில்லை. ஆனால் நிலவைப் பார்க்க ஆசை. அதனால் வாயைத் திறந்தேன்.

"இது வானம் பாக்கச் செய்தது அத்தான். தலைகீழாத்தான் காட்டும்."

"எட்டாம் வகுப்போட நிண்டவள் எனக்குப் படிப்பிக்கிறாள்!"

"அப்ப நிலவைப் பாருங்கோவன்."

பொழுதுபட முன்னரே நிலவு வந்திருந்தது. அத்தான் நெடுநேரம் பார்த்தார்.

"பாத்தியா, திருத்திப்போட்டன். இப்ப நேராத் தெரியுது."

அந்தச் சந்தோஷத்தில் எனக்கும் பார்க்கத் தந்தார். நிலவு முழுக்கக் குழிகள். மூச்சு விட மறந்துபோனேன்.

நிலவுக்குத் தலை எந்தப் பக்கம் என்று தெரிந்தவர்கள் அத்தானுக்குச் சொல்லுங்கள். அவசரமில்லை, நான் பார்த்து முடிக்கட்டும்.