கொதித்த காரும் காய்ந்த யூனிபோமும்

இறக்குமதிச் சாமான் எதுவும் கிடைக்காத காலம். என் பழைய இங்கிலீஷ் காரின் ஃபான் உடைந்ததும், துறைமுகத்துப் பழைய சாமான் ஏலத்தில் எடுத்த மின்சார ஃபான் ஒன்றை றேடியேற்றருக்குப் பின்னால் நானே பூட்டினேன். அது நன்றாகத்தான் சுற்றியது. ஆனாலும் வேலை செய்யும் கந்தோரிலிருந்து பாலையூற்றில் வீட்டுக்கு வருவதற்குள் தண்ணீர் கொதித்துவிடும்.

நாலு நாள், வேலை முடிந்து வந்த களைப்போடு காருக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றேன். றேடியேற்றரைக் கழற்றிக் கழுவினேன். குழாய்களை மாற்றினேன். முதுகு விட்டுப்போனது.

ஐந்தாம் நாளும் வழக்கம்போல எஞ்சினை ஓடவிட்டு நிமிர்ந்தால், மனைவி காருக்கு முன்னால் கதிரை போட்டு மகளின் ஈர யூனிபோமை விரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா செய்யிறீர்?"

"இந்த மழைக்க வேற எங்க காயும்? நாலு நாளா இதிலதான் காயப்போடுறனான். நல்ல சூட்டுக் காத்து வருது."

கையை வைத்துப் பார்த்தேன். காற்றை உள்ளே இழுக்க வேண்டிய ஃபான் வெளியே ஊதிக்கொண்டிருந்தது. அந்தக் காரில் பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் பொடியோடு, அதாவது காரின் இரும்பு உடலோடு, பூட்டியிருக்கும். நான் பழக்கதோஷத்தில் ஃபானின் நெகற்றிவ், கறுப்பு வயரைப் பொடியில் கொடுத்திருந்தேன். மோட்டர் தலைகீழாகச் சுற்றியிருக்கிறது.

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே!"

"நீங்கள் கேக்கேல்லையே."

வயர்களை மாற்றினேன். கொதிப்பு நின்றது. அடுத்த நாள் மகள் ஈர யூனிபோமோடு பள்ளிக்கூடம் போனாள். அன்று முழுக்க இரண்டு பேரும் என்னோடு முகம்கொடுத்துக் கதைக்கவில்லை.